தட்டு, மாத்திரை, பயம்: காசநோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை

காசநோய்ப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

அப்பாவுக்கு நுரையீரல் டிபி. தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். இப்போது அவர் யாரிடமும் பேசுவதே இல்லை.

பாத்திரத்தால் டிபி பரவாது. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை அவர் முகக்கவசம் போடட்டும். மருந்து வேலை செய்தால் தொற்றும் தன்மை சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். தனித்தட்டுதான் குறையாது! ஒரு பெரியவர் தம் டம்ளரின் அடியில் ஆணியால் கீறல் போட்டு வைத்திருந்தார். "மாறிடக் கூடாதுல்ல" என்றார். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்று சாப்பாட்டுக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

கணவர் தேறிவிட்டார். மாத்திரை போதும் என்கிறார். தினமும் சண்டை, போலீஸ்காரி மாதிரி ஆகிவிட்டேன்.

வழக்கமான சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு அல்லது மூன்று. இருமல் நின்ற பிறகும் மெதுவாக வளரும் கிருமிகள் மிச்சம் இருக்கும். பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். இதைச் சொல்வதற்கு முன் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். குமட்டலாக இருக்கலாம். இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்து, ரத்தம் என்று பயந்து வெளியில் சொல்லாதவர்களும் உண்டு. அப்புறம், மாத்திரை எண்ணும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். நீங்கள் மனைவியாக இருந்தால் போதும்.

அக்காவுக்கு மருந்துக்கு அடங்காத டிபி. சைக்ளோசெரின் சாப்பிடுகிறாள். யாரோ பேசுவது கேட்கிறதாம்.

இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தே மனச்சோர்வையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரக்கூடியது. திட்டாதீர்கள், நீங்களாக மருந்தை மாற்றவும் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

நானும் செவிலியர். வார்டிலிருந்து வந்து குழந்தையைத் தூக்கவே கை வரவில்லை.

உடையில் ஒட்டி வந்து பரவும் நோய் இல்லை இது. வார்டில் முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்95 கவசமும் காற்றோட்டமும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் வருடம் நானும் என் மகனைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்துத்தான் பேசினேன். சரி, கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.