வேர்டு ஃபைல் பூட்டிக்கிச்சா? கேளுங்க, சொல்றேன்

டி.டி.பி. கடையில ஆரம்பிச்சு இப்போ ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கிறேன். ஒரே வேண்டுகோள்: திரையில என்ன வருதோ அதை அப்படியே எழுதுங்க.

கேள்வி: அண்ணே, ‘லாக்ட் ஃபார் எடிட்டிங்’னு வருது. யாருன்னு பார்த்தா என் பேரே இருக்கு!

திறந்து வச்சிருக்கிறது நீங்களேதான் தம்பி. ஃபைலைத் திறந்ததும் வேர்டு அதே ஃபோல்டர்ல ~$னு தொடங்குற குட்டி ஃபைல் ஒண்ணை மறைச்சு வைக்கும். வெறும் 162 பைட். நோட்பேடில் திறந்தா கிறுக்கலுக்கு நடுவுல திறந்தவர் பேர் தெரியும். வேர்டை ஒழுங்கா மூடினா அது தானா அழிஞ்சிடும். நடுவுல கரண்ட் போனா அங்கேயே கிடக்கும். முதல்ல வேர்டை முழுசா மூடுங்க. ஓடுற புரோகிராம்களைக் காட்டுற டாஸ்க் மேனேஜர்ல வேர்டு இன்னும் ஓடினா நிறுத்துங்க (சேமிக்காதது போயிடும்). அப்புறம் ஃபோல்டரோட ‘வியூ’ மெனுவுல ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் பண்ணி அந்தக் குட்டி ஃபைலை அழிங்க. ஃபைலைத் திறக்காமலே ஓரத்துல காட்டுற எக்ஸ்ப்ளோரர் பிரிவியூ பேனையும் மூடிடுங்க, சில நேரம் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான்.

கேள்வி: மெயில்ல வந்த ரெஸ்யூமே. மேல மஞ்சள் பட்டை, டைப் பண்ண முடியல.

புரொடெக்டட் வியூ. வெளியிலிருந்து வந்த ஃபைலைப் படிக்க மட்டும் விடுற பாதுகாப்பு. அனுப்பினவரைத் தெரியும்னா ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்துங்க.

கேள்வி: அந்த ~$ ஃபைலை நான் பார்த்த உடனே அழிச்சிடுவேன். எதுக்கு சார் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க? யாராவது திறந்து வச்சிருந்தா விண்டோஸே அழிக்க விடாதே!

நியாயமான பேச்சு. விண்டோஸ், வேர்டு ரெண்டும் மட்டும்னா பெரும்பாலும் சரி. ஆனா லிப்ரெ ஆபீஸ் (வேர்டு ஃபைலைத் திறக்கிற இலவச மென்பொருள்) வைக்கிற .~lock ஃபைல் சும்மா ஒரு டெக்ஸ்ட் ஃபைல், திறந்திருக்கும்போதே அழிக்க முடியும்.

அவரே: எங்க ஆபீஸ்ல அப்படி எதுவும் நடந்ததில்ல.

நான் பார்த்த ஆபீஸ்ல நடந்தது. ஒரு அம்மா காலையிலிருந்து தீர்மானங்களை அடிச்சிட்டு இருந்தாங்க. பக்கத்து மேசைக்காரர் அந்தப் பூட்டு ஃபைலை அழிச்சு அதே ஃபைலைத் திறந்துட்டார். சேமிக்கும்போது ‘ஃபைல் மாறியிருக்கு, மேலேயே எழுதிடவா’ன்னு கேட்டுச்சு. படிக்காமலே ஆமான்னு தட்டிட்டார். அரைநாள் உழைப்பு போச்சு. அதனாலதான் சொல்றேன், முதல்ல காப்பி எடுங்க, அப்புறம் கை வைங்க.

கேள்வி: யாரும் திருத்தக் கூடாதுன்னு ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் போட்டேன், பாஸ்வேர்டு மறந்துட்டேன். என் சொந்த நாவல் சார்!

பயப்படாதீங்க, இது கதவுக்குப் போட்ட கொக்கி மாதிரி. புது டாக்குமெண்ட்ல இன்சர்ட், ஆப்ஜெக்ட், ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ போய் நாவலை எடுங்க. அடுத்தவர் டாக்குமெண்டுன்னா அவரையே கேளுங்க.

கேள்வி: திறக்கவே பாஸ்வேர்டு கேக்குது. ஒரு வெப்சைட் நூறு சதவீதம் திறந்து தரும்னு சொல்லுது.

வேர்டு 2007லிருந்து இது நிஜமான ஏஇஎஸ் பூட்டு, அதாவது பாஸ்வேர்டு இல்லாம படிக்க முடியாதபடி ஃபைலையே சங்கேதமா மாத்திடும். 2010லிருந்து ஒவ்வொரு பாஸ்வேர்டையும் சோதிக்க 1,00,000 சுத்து கணக்குப் போடணும். நல்ல பாஸ்வேர்டுன்னா மறந்துடுங்க. ஆதார் நம்பர், வீட்டுப் பத்திரம் இருக்கிற ஃபைலை முகம் தெரியாத சைட்டுல ஏத்தாதீங்க.

கேள்வி: சார் ஃபைல் லாக் ஆயிடுச்சு, அவசரம்.

எந்தப் பூட்டு? திரையில என்ன வருது?

கேள்வி: எந்த ஃபைலைத் திறந்தாலும் பட்டன் எல்லாம் மங்கல். மேல ‘அன்லைசென்ஸ்ட் புராடக்ட்’.

வாசகத்தை எழுதினீங்க பாருங்க, நன்றி! லைசென்ஸ் செல்லல. படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. அவசரத்துக்கு லிப்ரெ ஆபீஸ்.

கேள்வி: லாக்ட் ஃபார் எடிட்டிங்னு வருது, என்ன செய்ய?

முதல் பதில். முழுசா.

கேள்வி: எக்ஸெல் ஷீட் பாஸ்வேர்டு?

என் ஏரியா இல்ல.

கேள்வி: அந்த அம்மாவோட தீர்மானங்கள் என்னாச்சு?

மதியம் சரிபார்க்கன்னு ஒரு பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க. நான் வாசிக்க வாசிக்க, அழிச்ச ஆளே உட்கார்ந்து மறுபடி அடிச்சார்.