பில்டரின் வாய்ப்பேச்சில் இரண்டு வருடத்தைக் கடத்திவிடாதீர்கள்

கேள்வி: ஒன்ராறியோவின் ஏஜக்ஸ் நகரில், கட்டி அதிக காலம் ஆகாத வீடொன்றை அதன் முதல் உரிமையாளரிடம் வாங்கினோம். அவர் பில்டரிடம் சாவி வாங்கி 22 மாதமாகிறது. காற்றோடு மழை அடித்தால், பேஸ்மென்டில் கொங்கிரீட் சுவரும் அதன்மேல் நிற்கும் மரச்சட்டமும் சேரும் இடத்தால் தண்ணீர் வழிகிறது. பில்டரின் ஆட்கள் இரண்டு தடவை வந்து உள்பக்கம் கோக்கிங் (இடைவெளியை அடைக்கும் பசை) அடித்தார்கள், ஒழுக்கு நிற்கவில்லை. இப்போது, "நீங்கள் எங்களிடம் வாங்கவில்லை, கோக்கிங் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. கடைசியாக ஒருமுறை அடித்துத் தருகிறோம், இனி முறைப்பாடு இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர்கள் சொல்லும் இரண்டு காரணமும் சட்டத்தில் நிற்காது.

ஒன்ராறியோவில் புதுவீட்டு உத்தரவாதம் வீட்டோடு போவது. முதல் உரிமையாளர் விற்றாலும் மிச்சக் காலம் உங்களுக்கு உண்டு. அடித்தளத்தால் தண்ணீர் உட்புகுவதற்கும், வெளிச்சுவர் மழைநீரைத் தடுக்கத் தவறுவதற்கும் அந்த உத்தரவாதம் இரண்டு வருடம். உத்தரவாத விதிகளில் பொருட்குறைபாடு பற்றிச் சொல்லும் இடத்தில் ஜன்னல், கதவு, கோக்கிங் என்று கோக்கிங்கும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. உத்தரவாதத்துக்கு எதிராக எழுதி வாங்கும் விட்டுக்கொடுப்பு செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அப்படியொரு தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதோடு மல்லுக்கட்டுவானேன்?

எனக்குக் கவலை உங்களுடைய தேதிதான். இரண்டு வருடம் நீங்கள் வாங்கிய நாளில் தொடங்கவில்லை. முதல் உரிமையாளர் வீட்டைக் கையேற்ற நாளில் தொடங்கியது. கையேற்புச் சான்றிதழில் அந்தத் தேதி இருக்கும். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள், இந்த உத்தரவாதத்தை நிர்வகிக்கும் டாரியன் (Tarion) நிறுவனத்துக்கு இரண்டாம் ஆண்டுப் படிவம் போய்ச்சேர வேண்டும். பில்டருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவருடைய ஆட்கள் வந்துபோனது, "பார்த்துச் செய்வோம்" என்ற பேச்சு எதுவும் அந்தப் படிவத்துக்கு ஈடாகாது. நல்ல வழக்குகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த வாரமே அனுப்புங்கள்.

படிவத்தில் "கோக்கிங் சரியில்லை" என்று எழுதாதீர்கள். "மழையின்போது அடித்தளச் சுவரின் உச்சியால் தண்ணீர் உட்புகுகிறது" என்று எழுதுங்கள். காரணம் கண்டுபிடிப்பது உங்கள் வேலையல்ல. உங்களுடையது செங்கல் முகப்பு வீடாக இருந்தால், செங்கலுக்குப் பின்னால் இறங்கும் நீரை வெளியே திருப்பும் தகடு இல்லாமலோ கிழிந்தோ இருக்கலாம். அடிவரிசைச் செங்கலில் விடும் வடிகால் துளைகள் சாந்தால் அடைபட்டிருக்கலாம். அப்படியானால் உள்ளே எத்தனை தடவை கோக்கிங் அடித்தாலும் தண்ணீர் நிற்காது. கொங்கிரீட்டின் மேல் படுத்திருக்கும் மரத்துக்குள் ஊறி அதை உக்க வைக்கும். அதனால் நீங்களும் எதையும் அடைக்க வேண்டாம். வெளியே அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் பழி உங்கள் தலையில் விழும்.

டோர்ச் அடித்து, சுவரும் மரமும் சேரும் அந்த இடத்தைப் படமெடுங்கள்: கொங்கிரீட்டில் பூத்த வெள்ளைத் தூள், துருப்பிடித்த நங்கூர போல்ட், கறுத்த மரம். மழை பெய்யும்போது வீடியோவும் எடுங்கள். வெளியே மண் மட்டத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கட்டட விதிப்படி அடித்தளச் சுவர் தரைக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் தெரிய வேண்டும். முதல் உரிமையாளர் சுவரோரம் பூப்பாத்தி கட்டி மண் உயர்த்தியிருந்தால், பில்டர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

படிவம் போனபின் பில்டருக்கு 120 நாள் அவகாசம். அதற்குள் திருத்தாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் நீங்களே டாரியனிடம் சமரசப் பரிசோதனை (அவர்கள் குறையைப் பரிசோதித்து, அது உத்தரவாதத்துக்குள் வருமா என்று முடிவு சொல்வது) கேட்க வேண்டும். தவறினால் முறைப்பாட்டைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு பாதகமானால், முடிவுக் கடிதம் கேட்டு வாங்கி 15 நாளுக்குள் உரிமங்கள் மேல்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம்.

விற்றவர் ஒழுக்கைத் தெரிந்தே மறைத்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், உதாரணமாக அவர் காலத்திலேயே பில்டருக்கு எழுதியிருந்தால், அவர்மேல் தனியாக வழக்கு வைக்கலாம். நீங்கள் அறிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்; 50,000 டொலர் வரை சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்திலேயே முடியும். பில்டரோடு உங்களுக்கு நேரடி ஒப்பந்தம் இல்லாததால், அவர்மேல் வழக்கு வைப்பதைவிட உத்தரவாதமே பலமான பிடி.

பில்டரின் ஆட்கள் மறுபடி வந்தால் உள்ளே விடுங்கள்; மறித்தால் உரிமையை இழக்க நேரும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.