இன்ஹெரிட்டன்ஸும் ஃபாரின் கீ எரரும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பிரிங் பூட், ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை டேட்டாபேஸ் டேபிள்களில் சேமிக்கும் டூல்) பயன்படுத்துகிறோம். பேமென்ட் என்ற என்டிட்டிக்கு (டேபிளில் சேமிக்கப்படும் ஜாவா கிளாஸ்) கீழே கார்டு பேமென்ட், யுபிஐ பேமென்ட் என இரண்டு சப்கிளாஸ். டேபிள் பெர் கிளாஸ் முறை, அதாவது ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி டேபிள். ரசீது என்டிட்டியிலிருந்து பேமென்டுக்கு மெனி டு ஒன் உறவு (பல ரசீதுகள் ஒரு பேமென்டைச் சுட்டலாம்). ரசீதை சேவ் செய்தால் ஃபாரின் கீ (சுட்டப்படும் ஐடி இன்னொரு டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) எரர். பேமென்ட் ரெக்கார்டு டேட்டாபேஸில் கண்ணெதிரே இருக்கிறது. டெஸ்டில் இந்த எரர் வருவதே இல்லை. டேபிள்களை ஃப்ளைவே (எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட்களை வரிசையாக இயக்கும் டூல்) ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குகிறோம்.

பதில்: ரெக்கார்டு இருக்கிறது, சரி. எந்த டேபிளில்? இந்த முறையில் கார்டு பேமென்டின் எல்லாத் தகவலும் கார்டு பேமென்ட் டேபிளுக்குள்ளேயே போய்விடும். பேமென்ட் டேபிளில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. உங்கள் ஸ்கிரிப்ட்டில் ரசீதின் ஃபாரின் கீயைப் பேமென்ட் டேபிளோடு கட்டியிருப்பீர்கள். டேட்டாபேஸ் அங்கே தேடும், கிடைக்காது, எரர் கொடுக்கும். கார்டு பேமென்ட் என்பதும் ஒரு பேமென்ட்தான் என்று ஜாவாவுக்குத் தெரியும், டேட்டாபேஸுக்குத் தெரியாது.

டெஸ்டில் வராததற்கும் காரணம் உண்டு. அங்கே ஹைபர்நேட்டே டேபிள்களை உருவாக்குகிறது என்று நினைக்கிறேன். சுட்டப்படும் டேபிளுக்கு இப்படிச் சப்கிளாஸ் டேபிள்கள் இருந்தால் ஹைபர்நேட் அந்த ஃபாரின் கீயை உருவாக்காமலே விட்டுவிடும். அதனால் டெஸ்ட் பச்சை, புரொடக்‌ஷன் சிவப்பு.

ஸ்கிரிப்ட்டில் அந்த ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெய்ன்டை (கட்டுப்பாட்டை) நீக்கினால் எரர் போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட டேபிளில் நான் அதைச் செய்யமாட்டேன். ஜாயின்டு முறைக்கு (பொதுத் தகவல் பேரன்ட் டேபிளில், மீதி சப்கிளாஸ் டேபிளில்) மாறுங்கள். அப்போது ஒவ்வொரு பேமென்டுக்கும் பேரன்ட் டேபிளில் ஒரு ரெக்கார்டு இருக்கும், ஃபாரின் கீ ஒழுங்காக நிற்கும். பழைய ரெக்கார்டுகளை நகர்த்தும் வேலை இருக்கிறது. இரண்டு சப்கிளாஸிலும் ஒரே ஐடி வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வந்திருந்தால் பேரன்ட் டேபிளில் மோதும்.

கேள்வி: ஈஎஃப் கோர் 7-ல் (டாட்நெட்டில் ஹைபர்நேட் போன்ற டூல்) டிபிசி முறைக்கு, அதாவது அங்கே உள்ள டேபிள் பெர் கிளாஸ் போன்ற முறைக்கு மாறினேன். டேட்டாபேஸில் ஃபாரின் கீயே காணோம். பக்-ஆ?

பதில்: இல்லை, மேலே சொன்ன அதே காரணம். ஐடி பல டேபிள்களில் சிதறிக் கிடக்கும்போது ஒரே கன்ஸ்ட்ரெய்ன்ட் எல்லாவற்றையும் சுட்ட முடியாது. அதனால் பேஸ் டைப்பை (பேரன்ட் கிளாஸை) சுட்டும் உறவுக்கு ஈஎஃப் கோர் அதை உருவாக்குவதில்லை.

கேள்வி: ஹைபர்நேட்டில் சிங்கிள் டேபிள் முறை (எல்லாச் சப்கிளாஸும் ஒரே டேபிளில்). ஆவணம் என்ற என்டிட்டி. மாணவர் ஆவணம், ஆசிரியர் ஆவணம் என்று சப்கிளாஸ்கள். இரண்டிலும் உரிமையாளர் ஐடி என்ற ஃபீல்டு, ஒன்று மாணவர் டேபிளுக்கு, மற்றது ஆசிரியர் டேபிளுக்கு. டேபிளை ஹைபர்நேட்தான் உருவாக்கியது. சில ஆவணங்கள் சேவ் ஆகின்றன, சில ஆவதில்லை. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: இந்த வகைப் பிழைகளிலேயே எனக்குப் பிடித்தது இது, தள்ளி நின்று பார்க்கும்போது மட்டும்! டேபிளின் வரையறையை டேட்டாபேஸில் எடுத்துப் பாருங்கள். ஒரே ஃபீல்டில் இரண்டு ஃபாரின் கீ இருக்கும். எந்த ஆவணமாக இருந்தாலும் அந்த ஐடி மாணவர் டேபிளிலும் இருக்க வேண்டும், ஆசிரியர் டேபிளிலும் இருக்க வேண்டும். 1, 2, 3 போன்ற சின்ன ஐடிகள் இரண்டிலும் தற்செயலாக இருப்பதால் தப்பிக்கின்றன. நாற்பது ஆசிரியர் உள்ள பள்ளியில் 41-வது மாணவரிடம் மாட்டும்.

மாணவர் ஐடி, ஆசிரியர் ஐடி என்று இரண்டு ஃபீல்டாகப் பிரியுங்கள், இரண்டும் நல் (null, வெற்று மதிப்பு) அனுமதிக்கட்டும். ஜேபிஏ (ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா தரநிலை) 2.1 முதல் ஜாயின் காலம் (@JoinColumn) குறிப்பிலேயே கன்ஸ்ட்ரெய்ன்ட் வேண்டாம் என்று சொல்லும் வசதி உண்டுதான், ஆனால் இங்கே அது சோம்பேறி வழி. இன்னொன்று: பழைய கன்ஸ்ட்ரெய்ன்டை ஹைபர்நேட்டின் அப்டேட் மோடு (டேபிள்களைத் தானே புதுப்பிக்கும் அமைப்பு) அழிக்காது. நீங்களே டிராப் செய்ய வேண்டும்.

கேள்வி: ஜாயின்டு முறை, மைஎஸ்கியூஎல் 8. சப்கிளாஸ் டேபிள் உருவாக்கும்போதே 3780 எரர்.

பதில்: இரண்டு ஐடியின் டேட்டா டைப்பும் ஒன்றாக இல்லை. பேரன்ட் பிக்இன்ட், சப்கிளாஸ் இன்ட் என்று இருக்கும். அல்லது ஒன்று மட்டும் அன்சைன்டு (மைனஸ் எண் ஏற்காதது). பேரன்ட் டேபிள் கையால் எழுதிய பழைய ஸ்கிரிப்ட்டில் வந்ததா, பாருங்கள்.

கேள்வி: அதே ஜாயின்டு முறையில் நேட்டிவ் குவெரியால் (நேரடி எஸ்கியூஎல்) பேரன்ட் ரெக்கார்டை டெலீட் செய்தால் 1451 எரர்.

பதில்: சப்கிளாஸின் பிரைமரி கீதான் பேரன்டைச் சுட்டும் ஃபாரின் கீயும். முதலில் சப்கிளாஸ், அப்புறம் பேரன்ட். நேரடி எஸ்கியூஎல் இல்லாமல் ஜேபிஏவின் என்டிட்டி மேனேஜர் வழியாக ரிமூவ் செய்தால் ஹைபர்நேட் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்போதும் 1451 வந்தால் எரரில் உள்ள கன்ஸ்ட்ரெய்ன்ட் பெயரைப் படியுங்கள். ரசீது மாதிரி வேறொரு டேபிள் பேரன்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: நபர் என்ற என்டிட்டி ஏற்கெனவே சேவ் ஆகிவிட்டது. அதே நபரை, அதே ஐடியோடு, ஊழியர் என்ற சப்கிளாஸாக மாற்றுவது எப்படி?

பதில்: ஹைபர்நேட்டில் ஒரு ரெக்கார்டின் டைப்பை மாற்ற வழியில்லை. ஜாயின்டு முறையில், நேட்டிவ் குவெரியில் ஊழியர் டேபிளில் மட்டும் ஒரு இன்சர்ட் போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. ஹைபர்நேட் செஷனில் (நினைவில்) பழைய நபர் ஆப்ஜெக்ட் இருந்தால் குழப்பம்தான். இன்று ஊழியர், நாளை வேலையை விட்டவர், அப்புறம் வாடிக்கையாளர் என்று மாறக்கூடியதை இன்ஹெரிட்டன்ஸாக வைக்காதீர்கள். ஊழியரைத் தனி என்டிட்டியாக்கி, நபரோடு ஒன் டு ஒன் உறவில் மேப்ஸ்ஐடி (@MapsId, நபரின் ஐடியையே பிரைமரி கீயாக எடுக்கும் குறிப்பு) போட்டால் அதே ஐடியே கிடைக்கும்.