வாடகையே வேண்டாம், ஆறு லட்சம் போதும் என்கிறார் வீட்டுக்காரர்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் சென்னைக்குக் குடிபோக வேண்டும். இரண்டு வீடு பார்த்திருக்கிறோம். ஒன்று சைதாப்பேட்டையில் முதல் மாடியில் சின்ன போர்ஷன். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், கரண்டுக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய். இன்னொன்று தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம், இரண்டு படுக்கையறை, காற்றோட்டமான வீடு. 6 லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுதும் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். 'லீஸ்' என்று 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பார்களாம். கையில் 2 லட்சம் இருக்கிறது, மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறோம். டோக்கனாக 10,000 கொடுத்தும் விட்டோம். மாமியாருக்கு மூட்டு வலி, பையன் இரண்டாம் வகுப்பு. சிட்டியா, புறநகரா? சட்டப்படி எது எங்களுக்குப் பாதுகாப்பு?

பதில்: அன்புள்ள சகோதரி, சிட்டியா புறநகரா என்பதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 6 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நகையை அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி லீஸ் வீட்டில் இருந்த ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, கிரில் கேட்டில் பசை போட்டு ஒட்டிய ஒரு நோட்டீஸ். ஆங்கிலத்தில் நாலு பக்கம். பள்ளிக்கூடம் போகிற மகள்தான் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, 'அம்மா, இந்த வீடு பேங்குக்குச் சொந்தமாம்' என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரர் கடன் தவணை கட்டாமல் விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த அம்மா என் மேஜைமேல் வைத்தது, ஓரம் மடங்கிப் போன ஒரே ஒரு முத்திரைத்தாள். அதில் பதிவு முத்திரை இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது புரோக்கர். நகை விற்ற பணம் முழுதும் அந்த ஒரு தாளில்தான் இருந்தது. வழக்குப் போட்டோம். ஆனால் வீட்டை விட்டு அவர்கள் வெளியேறுவதை என்னால் தடுக்க முடியவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மொத்தப் பணத்தைக் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருப்பது நம் ஊரில் பழைய வழக்கம். போக்கியம் என்போம், ஒத்தி என்போம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தில் இதற்கு அனுபவ அடமானம் என்று இடம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த பத்திரமாக, இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும் என்கிறது. 6 லட்சத்துக்குப் பதிவில்லாத தாள் என்றால், சொத்தின்மேல் உங்களுக்குப் பிடிமானம் எதுவும் வராது. வீட்டுக்காரருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்தவர் என்ற நிலைதான் மிஞ்சும். சரி, அடமானம் இல்லை, வாடகை ஒப்பந்தம்தான் என்று எழுதினாலும், ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகை 107-ஆவது பிரிவின்படி பதிவாக வேண்டும். மூன்று வருடம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பதிவுக்கு வர மறுக்கிறார் என்றால், அந்த மறுப்புக்கு என்ன காரணம் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் காரணம் வங்கிக் கடன்தான். வீட்டுக் கடனில் இருக்கும் வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விடலாம், தப்பில்லை. ஆனால் எப்படி விடலாம் என்பதற்கு சொத்து மாற்றச் சட்டத்தின் 65ஏ பிரிவு வரையறை வைத்திருக்கிறது: நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும், மொத்தத் தொகை எதுவும் வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டியே வாங்கக் கூடாது, கட்டடமானால் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. வாடகை இல்லாமல் 6 லட்சம் என்பது இதற்கு நேர் எதிர். கடன் வாராக்கடன் ஆனால், வங்கிகள் கடனை வசூலிப்பதற்கான 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அப்புறம் மாஜிஸ்திரேட் உத்தரவோடு வீட்டைக் கைப்பற்றலாம். அந்த நோட்டீஸ் உங்களுக்கு வராது, கடன் வாங்கியவருக்குத்தான் போகும். அதனால்தான் குடியிருப்பவர்களுக்கு விஷயமே கடைசியில் கதவில் ஒட்டும்போது தெரிகிறது.

இதைச் சோதிப்பது கஷ்டமில்லை. வீட்டின் சர்வே எண்ணை வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில், சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கினால் அதையும் பெரும்பாலும் பதிவு செய்வார்கள், 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று அதில் தெரியும். அப்புறம் மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

பணக் கணக்கும் பாருங்கள். 4 லட்சத்துக்கு நகைக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்தாலே ஆண்டுக்கு 40,000 போகிறது. உங்கள் கணவர் பழைய வருமான வரி முறையில் இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. வாடகை கொடுத்தால்தான் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு, லீஸுக்குக் கிடையாது. விலக்கின் கணக்கிலும் வீடு சென்னைக்குள் இருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் உச்ச வரம்பு, வெளியே இருந்தால் 40. வேலை எங்கே என்று பார்ப்பதில்லை, வீடு எங்கே என்றுதான் பார்ப்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். குடிபோன பிறகு கேட்டால் பலர் தர மாட்டார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். புதிய வரி முறை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாடகைதாரருக்குச் சிட்டிக்கும் புறநகருக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் அது தூரத்தை வைத்து அல்ல, உள்ளாட்சியை வைத்து. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களை வைத்து எழுதப்பட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் உங்கள் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். '11 மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்ற பழைய பேச்சு இங்கே செல்லாது. பிரச்சினை வந்தால் முதலில் அந்த அதிகாரி, அடுத்து வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் தீர்ப்பாயம். கிராம ஊராட்சி வீடு என்றால் பெரும்பாலும் சொத்து மாற்றச் சட்டமும் சிவில் நீதிமன்றமும்தான். அங்கே மாதவாடகை குடித்தனத்தை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. முடிச்சூர் அப்போது ஊராட்சியாகவே நின்றது. நீங்கள் பார்த்த வீடு சரியாக எந்த எல்லையில் இருக்கிறது என்பதை வீட்டு வரி ரசீதின் தலைப்பு சொல்லிவிடும். விளம்பரத்தில் எல்லாமே 'தாம்பரம்'தான். இன்னொன்று, அந்தப் பக்கம் 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் தரைத்தளங்களுக்குள் புகுந்த இடம். மூட்டு வலியோடு ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கத்து மளிகைக் கடையில் 'தண்ணீர் எதுவரை வந்தது' என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

சைதாப்பேட்டை வீடு சட்டப்படி மேலானது. கிண்டிக்கு ரயிலில் அடுத்த நிறுத்தம் என்பதும் உண்மை. ஆனால் முதல் மாடி என்பதால் மாமியாரை அழைத்துப் போய்ப் படி ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அட்வான்ஸ் பற்றி: புதிய சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்திருக்கிறது, அதாவது 48,000. அதே பிரிவு 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்றும் சொல்கிறது. ஒரு லட்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசிக் குறைக்க வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அட்வான்ஸைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள்.

யூனிட்டுக்கு 9 ரூபாய் என்பதை நான் ஏற்க மாட்டேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட அதிகமாக உங்களிடம் வாங்கினால், இலவசத்தையும் அவரே எடுத்துக்கொண்டு லாபமும் பார்க்கிறார். தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வாரியத்தின் பில்லில் நம் பங்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது இந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வருடம் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். புது ஊர், புதுப் பள்ளி. ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாத நோட்டீஸில் கிளம்பும் உரிமை வேண்டும்.

என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு வீடும் தேடுங்கள்: குரோம்பேட்டை, பல்லாவரம், சானடோரியம் பக்கம், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், தரைத்தளத்தில், மாத வாடகைக்கு. மாநகராட்சி எல்லை, அதனால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கிண்டிக்கு நேர் ரயில். புறநகர் விசாலமும் கிடைக்கும். பையன் பள்ளியில் சேர முகவரிச் சான்று கேட்டாலும் பதிவான வாடகை ஒப்பந்தம் கைகொடுக்கும்.

கடைசியாக அந்த 10,000. இன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: வில்லங்கச் சான்றிதழும் மூலப் பத்திரமும் காட்ட வேண்டும், வங்கிக் கடன் உண்டா என்று எழுத்தில் சொல்ல வேண்டும், லீஸைப் பதிவு செய்ய வர வேண்டும், இல்லையென்றால் டோக்கனைத் திருப்பித் தர வேண்டும். போனில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும். கடனை மறைத்து டோக்கன் வாங்கியிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்த ஏற்பாட்டை நீங்கள் ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். டோக்கன் கொடுத்த ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், கையில் கொடுத்திருந்தால் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி பதில் அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த உரையாடலை அச்செடுத்து அனுப்புங்கள், நோட்டீஸை நான் எழுதித் தருகிறேன். 10,000 திரும்பி வராமலே போனாலும், அதற்காக மீதி 5,90,000-ஐக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.