வாசலில் போன 150 வெள்ளி

கேள்வி: சிங்கப்பூரில் நிரந்தரவாசி நான். சம்பளம் 4,200 வெள்ளி. மாதம் இருமுறை சூதாட்டக் கூடத்தில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடுகிறேன். 25 வெள்ளியில் தொடங்கி, தோற்றால் இரட்டிப்பாக்கச் சொன்னார் மச்சான். கிரெடிட் கார்டில் ரொக்கமாக எடுத்த 6,000 வெள்ளி 28 சதவீத வட்டியில் நிற்கிறது. பந்தயத்தை எப்படி வைத்தால் இதை அடைக்கலாம்? சந்தா கட்டினால் ஒரு ஆப் வழிகாட்டுமாமே?

பதில்: எப்போது அட்டை வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என்னை உறுத்துவது, தோற்றதும் தொகையை ஏற்றும் பழக்கம்.

பிசகாமல் ஆடினாலும், நல்ல விதிகள் உள்ள மேசையில்கூட, பந்தயப் பணத்தில் கூடத்துக்கு அரை சதவீதம் போல அனுகூலம் உண்டு. முதல் இரண்டு அட்டையிலேயே 21 வந்தால் (அதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்), 2 வெள்ளிக்கு 3 வெள்ளி கொடுக்காமல் 5 வெள்ளிக்கு 6 வெள்ளி கொடுக்கும் மேசை என்றால் இன்னும் ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் ஏறும். 25 வெள்ளி வீதம் 240 ஆட்டம் ஆடினால் மொத்தப் பந்தயம் 6,000. சராசரி நட்டம் 30 வெள்ளி. வாசலில் நுழைவுக் கட்டணமாகக் கட்டியதோ 150! மேசையைவிட வாசல்தான் அதிகம் பிடுங்குகிறது. அதை மீட்கத்தானே கை 100 வெள்ளிக்குப் போகிறது? அப்போது சராசரி நட்டம் 120 ஆகும். ஒரு இரவின் ஏற்ற இறக்கம் 450 வெள்ளி அளவில் இருந்தது 1,800 வரை போகும்.

சரி, மச்சானின் இரட்டிப்பு? 25, 50, 100, 200, 400, 800. ஆறும் தோற்றால் 1,575 வெள்ளி காலி. நாணயம் சுண்டுவதுபோல் சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருமுறை வெல்லும்வரை, அல்லது ஆறும் தோற்கும்வரை ஆடுவது ஒரு சுற்று என்றால், சராசரியாக 64 சுற்றில் 63 முறை 25 வெள்ளி கிடைக்கும், அதுவும் 1,575தான். மிஞ்சிய ஒரு சுற்றில் அத்தனையும் போய்விடும். சரிபாதி ஆட்டத்திலேயே இந்தக் கதி. பிளாக்ஜாக் சரிபாதிகூட இல்லை. அந்த 63 முறையைத்தான் மச்சான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

பந்தயத்தை எந்த அளவில் வைப்பது என்பதற்கு 1956-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கெல்லி கொடுத்த சூத்திரம் இருக்கிறது. அனுகூலம் எதிராளி பக்கம் இருந்தால் அதன் விடை பூஜ்யம். அந்த ஆப் நேர்மையானது என்றால் அதுவும் பூஜ்யம் என்றுதான் காட்ட வேண்டும். அதற்குச் சந்தா எதற்கு?

கடனுக்கு வருவோம். வட்டி மாதம் சுமார் 140 வெள்ளி. இரண்டு நுழைவுக் கட்டணம் 300. போகாமல் இருந்து அந்த 300-ஐக் கார்டில் கட்டினாலே முதல் மாதம் அசலில் 160 குறையும். அப்புறம் மேசைக்கு எடுத்துப்போகும் பணத்தையும் அதில் போடுங்கள். குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். 'ஆறு மாதம் வட்டியில்லை' விளம்பரம் என்றால் முதலில் கட்டணத்தைப் படியுங்கள்.

கூடத்துக்குள் தன்னை விடவேண்டாம் என்று தானாகவே விலக்கு ஆணை கேட்டு விண்ணப்பிக்கும் வசதி சிங்கப்பூரில் இருக்கிறது. இந்த வாரமே செய்துவிடுங்கள். மச்சான் கூப்பிட்டால், உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.