கை நடுங்கினால் டெப்லெட் டெஸ்டில் மார்க் குறையுமா? கேள்வி பதில்

நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் இவற்றைக் கணினியிலோ டெப்லெட்டிலோ பார்க்கும் டெஸ்ட் பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் சொல்லும் பதில்கள்.

ஹட்டன்: மிஸ், அப்பாவுக்குப் பார்க்கின்சன். கண்டிக்குக் கூட்டிப்போய் டெப்லெட்டில் டெஸ்ட் எடுத்தோம். யோசிக்கிற வேகம் ரொம்பக் குறைவு என்று எழுதித் தந்தார்கள். வீட்டில் சீட்டுக் கணக்கு வரைக்கும் சரியாகத்தான் பார்க்கிறார். எதை நம்புவது?

தம்பி, அன்றைக்கு மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், டெஸ்ட் எத்தனை மணிக்கு நடந்தது? விடியற்காலை பஸ்ஸுக்கு முன் போட்ட லெவோடோபா (பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மருந்து), வரிசையில் உட்கார்ந்து முறை வருவதற்குள் வேகம் இறங்கியிருக்கும். உடம்பு இறுகிப்போன நேரத்தில் எடுத்த மார்க்கை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். அடுத்த முறை மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு டெஸ்ட்டை வைக்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. சில டெஸ்டுகளில் விரலை ஒரு பட்டனில் அழுத்தி வைத்திருக்க வேண்டும். திரையில் புள்ளி தெரிந்ததும் எடுத்துப்போய் அதைத் தொட வேண்டும். புள்ளியைக் கண்டு பட்டனை விட எடுத்த நேரம் ஒன்று, அங்கிருந்து கை போய்த் திரையைத் தொட எடுத்த நேரம் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாகப் பதியும். அப்பாவின் ரிப்போர்ட்டில் அப்படிப் பிரித்திருக்கிறதா பாருங்கள். இரண்டாவது மட்டும் நீண்டிருந்தால் கையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஆனால் பார்க்கின்சனில் அசைவைத் தொடங்குவதே தாமதமாகும், சிலருக்கு யோசனையும் மெதுவாகும். அதனால் எல்லாப் பழியையும் கை மேல் போடவும் முடியாது. சீட்டுக் கணக்கு விஷயத்தையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சாட்சிதான்.

தலவாக்கலை: அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை வராது. இடது கையால் செய்யலாமா?

செய்யலாம். எந்தக் கை என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பழகாத கை மெதுவாகத்தான் போகும், ஆகவே நேரம் பார்க்கும் பகுதியை விட்டுவிட்டு, சரியா பிழையா என்பதை மட்டும் பார்ப்பது நல்லது. பாரிசவாதத்தில் வலது பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் புரிதலும் பாதிக்கப்படலாம். அதை முதலில் சோதிக்காமல் நினைவு டெஸ்ட் வைத்துப் பயனில்லை. இடது பக்கம் செயலிழந்தவர்களில் சிலர் திரையின் இடது பாதியையே கவனிக்கமாட்டார்கள். அவர்களுக்குப் படங்களை நடுவில் மேலும் கீழுமாக அடுக்க வேண்டும்.

பண்டாரவளை, நேர்ஸ்: கொழுந்து பறிக்கும் அக்காமார் தட்டினால் திரை எடுப்பதே இல்லை. நடுக்கம் உள்ளவர்களுக்கோ ஒரு தட்டு மூன்றாகப் பதிகிறது.

காய்த்துப்போன, வறண்ட விரல் நுனியைத் தொடுதிரை சரியாக உணராது. மலையகக் குளிரில் விரலும் விறைத்துவிடும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, தொடுதிரைக்கான ரப்பர் முனைப் பேனா ஒன்று கொடுத்துப் பாருங்கள். நடுக்கத்துக்கு, டெப்லெட் செட்டிங்கிலேயே திரும்பத் திரும்ப விழும் தட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி பல கருவிகளில் உண்டு. முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். டெஸ்ட் தொடங்குமுன், மார்க் இல்லாத, வெறுமனே புள்ளியைத் தொடும் பயிற்சி கொடுங்கள். யோசனையே தேவைப்படாத அதிலும் ஒருவர் தடுமாறினால், பிறகு வரும் பிழைகளில் கைக்கும் பங்குண்டு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேராதனை, மாணவர்: இப்படி மாற்றினால் மார்க்கை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட முடியுமா?

முடியாது. டெஸ்டோடு வரும் அட்டவணையில் உள்ள சராசரிகள் மாற்றாத டெஸ்டுக்கு உரியவை. பேசி முடிக்கக்கூடிய டெஸ்ட் இருந்தால் அதையே எடுங்கள். உதாரணமாக, குறிகளுக்கு எண் பொருத்தும் 90 விநாடி டெஸ்டுக்கு வாயால் சொல்லும் வடிவமும் உண்டு, அதற்குத் தனி அட்டவணையும் உண்டு. நினைவையும் யோசனையையும் சுருக்கமாகப் பார்க்கும் மொகா (MoCA) டெஸ்டில் 30 புள்ளியில் 5 கோடு இழுத்தும், படம் வரைந்தும், கடிகாரம் போட்டும் எடுக்க வேண்டியவை. தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்று, பேனாவே பிடிக்காத அம்மாவுக்கு அந்த ஐந்தும் போனால் அது மறதி நோய் ஆகிவிடுமா? பள்ளிப்படிப்பு 12 வருடம் அல்லது குறைவு என்றால் ஒரு புள்ளி கூட்டுகிறார்கள்; நம் ஆட்களுக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

பதுளை: அண்ணனுக்கு மோட்டார் நியூரோன் நோய். கை, பேச்சு இரண்டும் போய்விட்டன. கண்ணால் செய்யலாமா?

கண் அசைவைப் பிடிக்கும் கருவி இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் எழுத்துப் பலகையில் நீங்கள் ஒவ்வொன்றாகக் காட்ட, அவர் கண்ணை மூடித் திறந்து ஆம் சொல்வார். அப்படிக் காத்திருப்பதே கவனத்தையும் நினைவையும் தின்னும், சீக்கிரம் களைத்தும் போவார். சின்னச் சின்னப் பகுதியாக, இரண்டு மூன்று நாளில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஹட்டன் (மறுபடியும்): அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டலாமா?

சோதிப்பவர் சம்மதித்தால் தட்டலாம், நேரம் கணக்கில் இல்லாத பகுதிகளுக்கு மட்டும். அவர் வாய் திறக்குமுன் உங்கள் விரல் சரியான விடைப் பக்கம் போகக்கூடாது. அதனால்தான் மகனை விட, விடை தெரியாத ஒரு நேர்ஸ் தட்டுவதையே நான் விரும்புவேன்.