இன்னும் 18 நாள் இருக்கிறது, டீச்சர்

கேள்வி: வணக்கம் சார். உதவி பெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருந்து, 57 வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். போன மாதம் பணிக்கொடை, கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்குவது), ஜி.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எல்லாம் சேர்த்து 38 லட்சம் வந்தது. எஃப்.டி. போட வங்கிக்குப் போனேன். "அதைவிட நல்லது, உத்தரவாதம் உண்டு" என்று ஒரு திட்டத்தில் 5 லட்சம் போட வைத்தார்கள். வீட்டுக்கு வந்தது இன்சூரன்ஸ் பாலிசி. வருடா வருடம் 5 லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டுமாம். பாலிசி வந்து 12 நாள் ஆகிறது. பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். 'ஃப்ரீ லுக்' என்பார்கள். முன்பு 15 நாளாக இருந்தது, 2024-இல் 30 ஆனது. முத்திரைச் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, இத்தனை நாள் காப்பீட்டுக்கு உண்டானது என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். மெயிலில் பாலிசி அனுப்பியிருந்தால் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. அதையும் பாருங்கள்.

வங்கிக்குப் போய் மேனேஜரிடம் பேசாதீர்கள். "அடுத்த வாரம் வாங்க மேடம், நானே பார்த்துக்கிறேன்" என்பார். அடுத்த வாரம் அவர் லீவு. அப்படியே 30 நாள் ஓடிவிடும். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் 31-ஆம் நாளுக்குப் பிறகுதான் வருகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கே கடிதம் எழுதுங்கள். "நிபந்தனைகள் எனக்கு ஒத்துவரவில்லை, ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்கிறேன்" என்ற ஒரு வரி போதும். கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். மெயிலிலும் அனுப்புங்கள். இழுத்தடித்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, அதற்கு மேல் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

முப்பத்தொரு வருடம் வணிகவியல் நடத்தியவன் நான். என் செட்டில்மென்ட் வந்த வாரத்திலேயே எனக்கும் இதே மாதிரி பாலிசி விற்க போன் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும்போது "எல்லாத்துக்கும் யெஸ் சொல்லிடுங்க சார்" என்று பாடம் வேறு எடுத்தார்கள். அன்றைக்குத்தான் ஓய்வு பெற்றவர்களுக்கு வழி சொல்லும் இந்த வேலைக்கு வந்தேன். பணிப்பதிவேட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காக பென்ஷன் ஃபைல் கல்வி அலுவலகத்துக்கும் கணக்காயர் அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் அலைகிறது. நடுவில் 'நகர்த்தித் தருகிறேன்' என்று ஒரு ஆள் காசு வாங்குகிறான். ஆனால் பணம் வந்து விழுந்ததும் வங்கியில் அரை மணி நேரத்தில் காபியோடு கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். இந்த வேகத்தில் பாதி பென்ஷன் ஃபைலுக்கு இருந்திருந்தால்!

சரி, மீதி 33 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்தான் உங்களுக்கு. தபால் நிலையத்திலும் உண்டு, வங்கியிலும் உண்டு. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி இப்போது 8.2 சதவீதம். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். நீங்கள் சேரும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது.

"60 ஆகலையே" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அனுப்ப முடியாது. 55 முடிந்து 60 ஆகாதவர்கள், ஓய்வு பெற்றிருந்தால் சேரலாம். விருப்ப ஓய்வும் ஓய்வுதான். இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்கைத் தொடங்க வேண்டும். ஓய்வுப் பணமாக வந்த தொகைக்கு மேல் போடக் கூடாது. நகை விற்ற பணத்தை இதோடு சேர்க்க முடியாது. ஓய்வு பெற்ற விவரமும், பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது என்பதும் இருக்கிற சான்றிதழைப் பள்ளியில் வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டினால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பள்ளி எழுத்தரைப் பார்க்க நாளைக்கே கிளம்புங்கள். இந்தச் சான்றிதழ் எழுதவும் அவர்களுக்கு மூன்று வாரம் ஆகும்.

பாலிசிப் பணம் திரும்பி வந்ததும் அதை எஃப்.டி.யில் போடுங்கள். முதலில் போடப் போனீர்களே, அதே எஃப்.டி. வங்கி மட்டும் வேறு.